சிண்டரெல்லாவோடு காலைச் சிற்றுண்டி - ஒரு பந்தியின் வரலாறு

காலை எட்டு மணி. மேசையில் மிக்கி மவுஸ் வடிவத்தில் வாஃபிள். எதிரே நாலு வயதுக் குழந்தை. திடீரென்று பின்னாலிருந்து ஆளுயர எலி ஒன்று வந்து அதன் தோளைத் தட்டுகிறது. குழந்தை சிரிக்கும், அல்லது வீறிட்டு அழும். இரண்டில் எது நடந்தாலும் அப்பா புகைப்படம் எடுத்துவிடுவார்!

அமெரிக்காவின் தீம் பார்க்குகளில் இதற்கு "கேரக்டர் பிரேக்ஃபாஸ்ட்" என்று பெயர். நாம் உட்கார்ந்து சாப்பிட, கார்ட்டூன் பாத்திரங்கள் மேசை மேசையாக வந்து கை குலுக்கி, ஆட்டோகிராஃப் போட்டு, படத்துக்கு நின்றுவிட்டுப் போகும். இன்று ஃபுளோரிடாவில் உள்ள டிஸ்னி வேர்ல்டில் இப்படி ஒரு சாப்பாட்டுக்குப் பெரியவர் ஒருவருக்கு 40 டாலருக்கு மேல் ஆகும். முட்டைக்கும் ரொட்டிக்கும் யாரும் இவ்வளவு தருவதில்லை. அப்படியானால் குடும்பங்கள் எதை விலைக்கு வாங்குகின்றன? இந்தப் பந்தியின் வரலாற்றைப் பார்த்தால் பதில் கிடைக்கும். எந்தக் குடும்பத்துக்கு எந்தப் பந்தி பொருந்தும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

சாப்பாட்டு மேசையிலிருந்து பிறந்த பூங்கா

பூங்கா வந்த பிறகுதான் சாப்பாடு வந்தது என்று நினைக்கத் தோன்றும். கலிஃபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் விஷயத்தில் நடந்தது நேர் எதிர். அங்கே வால்ட்டர் நாட் என்ற விவசாயி பழத்தோட்டம் வைத்திருந்தார். பொருளாதார மந்தம் நாட்டையே வாட்டிய 1934ல் அவருடைய மனைவி கார்டிலியா பொரித்த கோழிச் சாப்பாடு போட்டு விற்க ஆரம்பித்தார். முதல் நாள் எட்டுச் சாப்பாடுதான். பரிமாறியது தன் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகளில்! கூட்டம் பெருகி, சாப்பாட்டுக்காகக் காத்திருக்கும் நேரம் மணிக்கணக்காக நீண்டது. காத்திருப்பவர்களுக்குப் பொழுது போக வேண்டாமா? நாட் ஒரு பழங்கால ஊரையே அங்கே எழுப்பினார். அதுதான் பின்னாளில் பெரிய தீம் பார்க் ஆனது. 1983ல் ஸ்னூப்பி அங்கே வந்து சேர்ந்தது.

ஆக, வரிசையில் நிற்பவர்களுக்கு வேடிக்கை காட்டியதில் ஒரு தீம் பார்க் பிறந்தது. கேரக்டர் பிரேக்ஃபாஸ்ட்டின் கதையிலும் இந்த வரிசை திரும்பத் திரும்ப வரும்.

1955 - இரவல் வேடங்கள்

1955 ஜூலை 17 அன்று அனஹைமில் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டது. அன்று நடமாடிய மிக்கி, மின்னி வேடங்கள் "ஐஸ் கேப்பேட்ஸ்" என்ற பனிச்சறுக்கு நிகழ்ச்சிக் குழுவிடமிருந்து இரவல் வாங்கியவை என்றால் நம்ப முடிகிறதா? அந்தக் காலத்தில் பாத்திரங்கள் பூங்காவுக்குள் இஷ்டம்போல் சுற்றித் திரிந்தன. யார் முதலில் பார்க்கிறார்களோ அவர்களுக்கு அதிர்ஷ்டம். நேரமும் கிடையாது, இடமும் கிடையாது.

ஆனால் ஒரே ஒரு "பாத்திரத்தை" மட்டும் சாப்பாட்டு மேசையருகே உறுதியாகப் பார்க்க முடிந்தது. அது எந்த டிஸ்னி படத்திலும் வராத பாத்திரம்: ஆன்ட் ஜெமைமா.

பான்கேக்கும் ஒரு கறையும்

1955லேயே டிஸ்னிலேண்டின் ஃபிரான்டியர்லேண்ட் பகுதியில் ஆன்ட் ஜெமைமா பான்கேக் ஹவுஸ் இயங்கியது. குவேக்கர் ஓட்ஸ் நிறுவனத்தின் பான்கேக் மாவுக்கு அது ஒரு பெரிய விளம்பரம். தலையில் துணி கட்டி, எப்போதும் சிரித்த முகத்தோடு வெள்ளைக்காரக் குடும்பங்களுக்குச் சமைத்துப்போடும் கறுப்பினப் பணிப்பெண்தான் அந்த மாவுப் பொட்டலத்தின் அடையாளம். அடிமை முறையை இனிமையான பழைய காலமாகக் காட்டிய உருவம் அது. 1893ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் முதன்முதலாக அந்த வேடத்தில் நின்று பான்கேக் சுட்ட நான்சி கிரீன், உண்மையிலேயே கென்டக்கியில் அடிமையாகப் பிறந்தவர்.

டிஸ்னிலேண்டில் அந்த வேடத்தில் பல ஆண்டுகள் இருந்தவர் அய்லீன் லூயிஸ். 1964ல் அவர் இறக்கும் வரை வந்தவர்களை வரவேற்பது, படத்துக்கு நிற்பது, பான்கேக் பரிமாறுவது எல்லாம் அவருடைய வேலை. 1961ல் இந்தியப் பிரதமர் ஜவஹர்லால் நேரு டிஸ்னிலேண்டுக்குப் போனார். அய்லீன் லூயிஸ் பான்கேக் பரிமாறிய பிரமுகர்களில் நேருவும் ஒருவர். நிறவெறிக்கு எதிராக உலக மேடைகளில் பேசியவர் அந்த மேசையில்! வரலாறு சில நேரம் இப்படிப்பட்ட காட்சிகளையும் விட்டுவைக்கிறது.

வேடமிட்டவர், காலை உணவு, வரவேற்பு, புகைப்படம். இன்றைய கேரக்டர் பிரேக்ஃபாஸ்ட்டின் நான்கு அம்சங்களும் அங்கே இருந்தன. 1970ல் அந்தப் பெயர் டிஸ்னிலேண்டிலிருந்து போனது. அதே கட்டடத்தில் இன்று ரிவர் பெல் டெரஸ் என்ற உணவகம் இருக்கிறது. மாவுப் பொட்டலத்திலிருந்து அந்தப் பெயரும் உருவமும் போவதற்கு இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. 2020ல் நிறுவனம் முடிவை அறிவித்தது. 2021ல் "பேர்ல் மில்லிங் கம்பெனி" என்று பெயர் மாறியது.

தவறான ராஜாவின் கோட்டை

1971 அக்டோபர் 1ல் ஃபுளோரிடாவில் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் திறந்தது. நடுவில் சிண்டரெல்லாவின் கோட்டை. அதற்குள் ஒரு உணவகம். அதன் பெயர் என்ன தெரியுமா? "கிங் ஸ்டீஃபன்ஸ் பேங்க்வெட் ஹால்". ஸ்டீஃபன் ராஜா ஸ்லீப்பிங் பியூட்டியின் அப்பா. சிண்டரெல்லா கதைக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது! இந்தப் பிழையைத் திருத்த 26 ஆண்டுகள் ஆயின. 1997ல்தான் அது "சிண்டரெல்லாஸ் ராயல் டேபிள்" ஆனது.

ஃபுளோரிடாவில் இடம் நிறைய இருந்ததால் டிஸ்னி தன் சொந்த ஹோட்டல்களையும் கட்டியது. கேரக்டர் பிரேக்ஃபாஸ்ட் பெருகியதற்கு இது முக்கியக் காரணம். கணக்கு எளிது. ஹோட்டலில் தங்குகிறவர் காலையில் எங்காவது சாப்பிட்டே ஆக வேண்டும். ஆனால் அவர் மனம் பூங்கா வாசலில் இருக்கும். அவரை ஒரு மணி நேரம் உட்கார வைக்க வேண்டுமானால், பூங்காவில் கிடைக்கக்கூடிய ஒன்றை மேசைக்கே கொண்டுவர வேண்டும். மிக்கி வந்தார்.

1977ல் லேக் புவெனா விஸ்டாவில் "எம்ப்ரஸ் லில்லி" என்ற நீராவிப் படகு உணவகம் திறந்தது. வால்ட் டிஸ்னியின் மனைவி லில்லியனின் பெயர். படகு என்று பெயர்தான், நகராது! அதில் நடந்த பாத்திரக் காலை உணவு பல ஆண்டுகள் பிரபலம்.

வரிசைக்கு ஒரு விலை

கூட்டம் பெருகப் பெருக, பாத்திரங்கள் இஷ்டம்போல் சுற்றிய காலம் மறைந்தது. குறிப்பிட்ட இடம், குறிப்பிட்ட நேரம், நீண்ட வரிசை என்றாகிவிட்டது. ஒரு இளவரசியோடு ஒரு நிமிடம் நிற்பதற்கு ஒரு மணி நேரம் வெயிலில் காத்திருப்பது சாதாரணம். காலை உணவின் மதிப்பு அங்கேதான் ஏறியது. மேசையில் உட்கார்ந்தால் நாலைந்து பாத்திரங்கள் தாமே தேடி வரும். வரிசை கிடையாது. பெற்றோர் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி இந்த மிச்சமாகும் நேரத்துக்குத்தான்.

1990ல் ஷாப்பிங் வில்லேஜில் தொடங்கிய "செஃப் மிக்கீஸ்" சில ஆண்டுகளில் கன்டெம்பரரி ஹோட்டலுக்கு இடம்பெயர்ந்தது. உள்ளேயே மோனோரயில் ஓடும் கட்டடம் அது. கைக்குட்டையைச் சுழற்றி ஆடுவது அங்கே ஒரு சடங்கு. கோட்டைக் காலை உணவோ வேறு ரகம். மேசைகள் குறைவு, கேட்பவர்கள் அதிகம். 2000களின் தொடக்கத்தில் 60 நாட்களுக்கு முன்பு காலை ஏழு மணிக்குத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். சில நிமிடங்களில் எல்லாம் தீர்ந்துவிடும். வரிசையைத் தவிர்க்க வந்த பந்திக்கே ஒரு வரிசை! பின்னர் முன்பதிவுக் காலம் 180 நாட்கள் வரை நீண்டு, 2020க்குப் பிறகு மறுபடி 60 நாட்களாகச் சுருங்கியது.

இந்த வழக்கம் கடல் கடந்தும் போனது. டோக்கியோவில் 2000ல் திறந்த அம்பாசடர் ஹோட்டலில் ஒரு செஃப் மிக்கி உண்டு. 2005ல் திறந்த ஹாங்காங் டிஸ்னிலேண்டின் ஹோட்டலிலும் பாத்திரங்கள் மேசைக்கு வருகின்றன.

வேடத்துக்குள் இருப்பவர்கள்

மேசைக்கு வரும் மிக்கிக்குள் ஒரு தொழிலாளி இருக்கிறார். ஃபுளோரிடாவில் இந்த நடிகர்கள் டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கத்தில் இருக்கிறார்கள். வேடத்துக்கு அடியில் அணியும் உள்ளாடையைக்கூட நிறுவனம்தான் கொடுத்தது. தினமும் திருப்பித் தர வேண்டும், மறுநாள் வேறு யாருடையதோ கைக்கு வரும். சரியாகத் துவைக்கப்படுவதில்லை என்று புகார் எழுந்து, 2001ல்தான் தனக்கென்று உள்ளாடை வைத்துக்கொண்டு வீட்டில் துவைத்துக்கொள்ளும் உரிமை கிடைத்தது. கலிஃபோர்னியாவில் 2024 மே மாதம் டிஸ்னிலேண்ட் பாத்திர நடிகர்களும் அணிவகுப்பு நடிகர்களும் ஆக்டர்ஸ் ஈக்விட்டி சங்கத்தில் சேர 953க்கு 258 என்ற வாக்குகளில் முடிவு செய்தார்கள். அய்லீன் லூயிஸின் காலத்திலிருந்து இது நீண்ட தூரம்தான்.

இடையில் 2020 மார்ச்சில் கொரோனாவால் பூங்காக்கள் மூடப்பட்டன. ஜூலையில் ஃபுளோரிடா திறந்தபோது பாத்திரங்கள் தூரத்தில் நின்று கையசைத்தன. உணவு இருந்தது, மிக்கியும் இருந்தார், கட்டிப்பிடிப்பது மட்டும் இல்லை. 2022 ஏப்ரலில் அது திரும்பி வந்தது. மக்கள் எதற்காக வருகிறார்கள் என்பது அந்த இரண்டு ஆண்டுகளில் நன்றாகவே புரிந்தது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

இந்த வரலாற்றை வைத்துப் பார்த்தால் ஒரு குடும்பம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவை:

1. குழந்தை யாரைப் பார்க்க விரும்புகிறது? இளவரசிகள் என்றால் கோட்டை. அங்கே இடம் கிடைக்காவிட்டால் எப்காட்டின் நார்வே மண்டபத்தில் உள்ள அகெர்ஷுஸ் உண்டு. பூ கரடி என்றால் கிரிஸ்டல் பேலஸ். லிலோவும் ஸ்டிட்சும் என்றால் பாலினீசியன் ஹோட்டலின் ஒஹானா. டொனால்ட் வாத்து என்றால் அனிமல் கிங்டத்தின் டஸ்கர் ஹவுஸ்.

2. குழந்தை பயப்படுமா? முகம் தெரியும் வேடம், தலை மூடிய வேடம் என்று இரண்டு வகை. சிண்டரெல்லா பேசுவார், கேள்வி கேட்டால் பதில் சொல்வார். மிக்கி சைகை மட்டும் காட்டுவார். பெரிய தலையைக் கண்டு இரண்டு வயதுக் குழந்தை மிரள்வது சகஜம். அப்படிப்பட்ட வீட்டுக்கு இளவரசி மேசையே மேல்.

3. யாருக்கு என்ன கட்டணம்? மூன்று வயதுக்குக் கீழே இலவசம். 3 முதல் 9 வரை சிறுவர் கட்டணம். 10 வயதானால் பெரியவர் கட்டணம், அவன் அரைத் தோசை சாப்பிடுகிறவனாக இருந்தாலும் சரி! குழந்தைக்குப் பத்தாவது பிறந்தநாள் நெருங்குகிறது என்றால், பயணத்தை அதற்கு முன் வைப்பது லாபம்.

4. நுழைவுச் சீட்டு வேண்டுமா? பூங்காவுக்குள் இருக்கும் உணவகத்துக்குப் பூங்காச் சீட்டும் தேவை. செஃப் மிக்கீஸ், ஒஹானா, ரிவியரா ஹோட்டலின் டோப்போலினோஸ் டெரஸ் போன்றவை ஹோட்டல்களில் இருப்பவை. பூங்காச் சீட்டு வேண்டாம். பூங்காவுக்குப் போகாத நாளில் இவற்றை வைத்துக்கொண்டால் விலை உயர்ந்த சீட்டின் காலை நேரம் வீணாகாது.

5. சாப்பாடு எப்படி? செஃப் மிக்கீஸ், டஸ்கர் ஹவுஸ் போன்றவற்றில் பஃபே. நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கும், பார்த்துப் பொறுக்கி எடுக்க நினைக்கும் சைவர்களுக்கும் வசதி. ஆனால் அப்பா தட்டோடு எழுந்து போன நேரத்தில்தான் மிக்கி வருவார்! டோப்போலினோஸ் போன்ற இடங்களில் தட்டு மேசைக்கே வரும்.

இவற்றோடு இன்னொன்று. ஒரு பயணத்தில் ஒரு பந்தி போதும். இரண்டாவது முறை அதே மிக்கியைப் பார்க்கும்போது குழந்தை வாஃபிளில்தான் கண்ணாக இருக்கும்.

பணம் இல்லாவிட்டால் இந்தப் பந்தி இல்லாமலே பூங்காவைப் பார்க்கலாம். பொறுமையாக வரிசையில் நின்றால் அதே சிண்டரெல்லா, அதே புன்னகை, கூடுதல் கட்டணம் எதுவும் இல்லை. அறுபது நாட்களுக்கு முன்பே எழுந்து முன்பதிவு செய்வதா, அங்கே போய் ஒரு மணி நேரம் நிற்பதா என்பது ஒவ்வொரு வீட்டின் பணத்தையும் நேரத்தையும் பொறுத்தது. எந்த வழியில் போனாலும், வேடத்துக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் அந்த மனிதருக்கு ஒரு "தேங்க் யூ" சொல்லக் குழந்தைக்குக் கற்றுக்கொடுப்பது நல்லது.