வலிப்புக்குச் சத்திரசிகிச்சை: பிந்தி வரும் நோயாளர்கள்

1886 மே 25ஆம் திகதி லண்டன் குயின் சதுக்க வைத்தியசாலையில் விக்டர் ஹோர்ஸ்லி என்ற சத்திரசிகிச்சை நிபுணர், 22 வயது ஸ்கொட்லாந்து இளைஞன் ஒருவனின் மண்டையோட்டைத் திறந்தார். சிறுவயதில் எடின்பரோவில் வண்டி மோதியதால் மூளையில் உண்டான தழும்பே அவனது வலிப்புக்குக் காரணமெனக் கணித்து, அதனை வெட்டியகற்றினார். ஊடுகதிர்ப் படமோ மூளை மின்னலைப் பதிவோ இல்லாத காலம் அது. வலிப்பு உடலின் எப்பகுதியில் தொடங்குகிறது என்பதைக் கொண்டே மூளையில் பழுதுபட்ட இடத்தை மதிப்பிட்டனர்.

மொன்றியலில் பயின்று திரும்பிய ஜேக்கப் சாண்டி, 1952இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இச்சத்திரசிகிச்சையை இந்தியாவில் முதன்முதலாகச் செய்தார். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிறுவனம் 1995இல் இதற்கென ஒழுங்கான திட்டமொன்றைத் தொடங்கியது. ஆக, கலை அயலில் இருந்தது. நோயாளர்தாம் வந்து சேரவில்லை.

வலிப்பு வந்தவரின் கையில் இரும்பைத் திணிக்கும் நம்மவரைப் படித்தவர்கள் ஏளனம் செய்வதுண்டு. ஆயினும் தாமதத்தின் பழியை அந்த நம்பிக்கையின் மீது மட்டும் சுமத்த நான் உடன்படேன். வைத்தியர்களே தயங்கினர். அதற்கொரு காரணமும் இருந்தது. 1953இல் அமெரிக்காவின் ஹார்ட்போர்ட் நகரில், ஹென்றி மொலேசன் என்ற 27 வயது இளைஞரின் மூளையில் பொட்டுப் பக்கத்து உட்பகுதிகள் இருபுறமும் அகற்றப்பட்டன. வலிப்புக் குறைந்தது. ஆனால் அன்றாட நிகழ்வுகளை நினைவில் இருத்தும் ஆற்றல் போய்விட்டது. 2008இல் இறக்கும்வரை, சற்று முன்னர் பேசியவரையே அறியாதவராக அவர் வாழ்ந்தார். அந்த அச்சம் நெடுங்காலம் நிலைத்தது. இன்று ஒரு பக்கத்தில் மட்டுமே, அதுவும் நினைவாற்றலைச் சோதித்த பின்னரே, கத்தி வைக்கிறார்கள்.

இரண்டு மருந்துகள் பயன்தராவிடின் மூன்றாவது பயன்தரும் வாய்ப்பு மிகக் குறைவு என்பது 2000ஆம் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் மாத்திரைகள் மாறிக்கொண்டே இருந்தன. அமெரிக்காவிற்கூட, நோய் தொடங்கிச் சத்திரசிகிச்சை வரை ஏறத்தாழ 20 ஆண்டுகள் சென்றன. படிப்பும் தொழிலும் திருமணமும் அமையவேண்டிய வயது அதற்குள் கழிந்துவிடும்.

2001இல் கனடாவில் 80 நோயாளரைக் குலுக்கல் முறையில் பிரித்து ஆராய்ந்தனர். சத்திரசிகிச்சைப் பிரிவில் 58 வீதத்தினர் ஓராண்டின் முடிவில் உணர்விழக்கும் வலிப்பிலிருந்து விடுபட்டனர். மருந்துப் பிரிவில் 8 வீதத்தினரே. மருந்துப் பிரிவினர் ஓராண்டு காத்திருக்க வைக்கப்பட்டனர். அந்தக் காத்திருப்பு அங்கே வழமையானதுதான். அவர்களுள் ஒருவர் அதற்குள் இறந்துபோனார்.

நோயின் தொடக்கத்திலேயே சத்திரசிகிச்சை செய்தால் என்ன என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 200 பேரைத் தேடினர். கிடைத்தவர் 38 பேரே. ஆய்வு இடையில் நிறுத்தப்பட்டது. 2012இல் வெளியான முடிவின்படி, சத்திரசிகிச்சைக்குரிய 15 பேரில் 11 பேர் இரண்டாம் ஆண்டில் வலிப்பின்றி இருந்தனர். மாத்திரைகளுடன் தொடர்ந்த 23 பேரில் ஒருவர்கூட இல்லை.