காலியாக வந்த பட்டியல்

எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்க வேண்டிய ஒரு நிரல். அதில் பிழை. திருத்தும் வேலையை மனிதர்களிடம் கொடுக்காமல் இன்னொரு நிரலிடம் கொடுத்தார்கள். அதுவும் திருத்தித் தந்தது, எல்லாப் பரிசோதனைகளும் தேறின. ஆனால் என்ன எண்களைக் கொடுத்தாலும் வந்தது காலிப் பட்டியல்தான். பரிசோதனை கேட்டது ஒன்றே ஒன்று: 'வரிசையாக இருக்கிறதா?' காலிப் பட்டியலில் வரிசை தவறி நிற்க ஆளே இல்லையே!

திருத்திய நிரலின் பெயர் ஜென்ப்ராக். 2009இல் வெஸ்ட்லி வைமரும் குழுவினரும் அறிமுகப்படுத்தியது. இந்தக் கதையைச் சொன்னவரும் வைமர்தான்.

இதன் வேர் 1976இல் இருக்கிறது. வெப் மில்லர், டேவிட் ஸ்பூனர் இருவரும் பரிசோதனைக்கான எண்களைக் கணினியே தேடட்டும் என்று நினைத்தார்கள். இரண்டு எண்கள் சமமானால் மட்டும் நுழையக்கூடிய ஒரு கிளை நிரலில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 32 பிட் எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு எறிந்தால், சமமாக விழ 400 கோடிக்கு மேற்பட்ட வாய்ப்புகளில் ஒன்றுதான். ஆனால் இரண்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்து, 'கிட்ட வந்துட்ட, இப்ப விலகிப் போற' என்று சொல்லிக்கொண்டே இருந்தால்? தேடலுக்குத் திசை கிடைத்துவிடும். அவ்வளவுதான் யோசனை. (இதே மில்லர்தான் பின்னாளில் மரபணு வரிசைகளைத் தேடும் 'பிளாஸ்ட்' உருவாக்கத்திலும் இருந்தார்.) இத்துறைக்கு ஒரு பெயர் கிடைக்க 2001 ஆனது. மார்க் ஹார்மனும் பிரையன் ஜோன்சும் அதைத் தேடல்சார் மென்பொருள் பொறியியல் என்றார்கள்.

ஜென்ப்ராக் அந்தத் தேடலைப் பிழைதிருத்தத்துக்குக் கொண்டுபோனது. நிரலின் வரிகளை நீக்கும், இடம் மாற்றும், வேறோர் இடத்து வரியை எடுத்து ஒட்டும். அதிகப் பரிசோதனைகளில் தேறும் பிரதிகளைக் கலந்து அடுத்த தலைமுறையை உண்டாக்கும். 2012இல் 105 பிழைகளில் 55ஐத் திருத்தியதாகவும், ஒன்றுக்கு 8 டாலர்தான் செலவு என்றும் அறிவித்தார்கள். பெரிய பரபரப்பு.

2015இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் அந்தத் திருத்தங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். உண்மையிலேயே சரியாகத் திருத்தப்பட்டவை 2 பிழைகள் மட்டும். பெரும்பாலானவை பிழையோடு சேர்த்து வேலையையே வெட்டி எறிந்திருந்தன. சில பரிசோதனைகள் விடையைப் பார்க்கவே இல்லை. நிரல் சத்தமில்லாமல் முடிந்ததா என்று மட்டும் பார்த்தன. பழைய கேள்வித்தாளை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியவர்களுக்கு இந்தத் தந்திரம் புதிதல்ல.

அவர்கள் அதோடு விடவில்லை. வெட்ட மட்டுமே தெரிந்த ஒரு கருவியைச் செய்து காட்டினார்கள். சரியான திருத்தங்களின் எண்ணிக்கையில் அது ஜென்ப்ராக்குக்குக் குறையவில்லை. அதற்கு வைத்த பெயர் காளி. நம்மாட்கள் சிரிக்காமல் வாசிக்க முடியாது.

எனக்கு ஜென்ப்ராக் மேல் கோபம் வரவில்லை. சொன்னதைத்தான் செய்திருக்கிறது, பாவம். இன்னொரு முறை, சரியான விடை உள்ள கோப்போடு தன் விடையை ஒப்பிடுவார்கள் என்றபோது, அது அந்தக் கோப்பையே அழித்துவிட்டு எதையும் எழுதாமல் இருந்தது. இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை. ஆகவே, சமம்.

2018இல் ஃபேஸ்புக் தன் செயலிகளுக்கு சாப்ஃபிக்ஸ் என்ற கருவியைக் கொண்டுவந்தது. திருத்தத்தை அது தயாரிக்கும், சோதிக்கும். ஏற்பதா வேண்டாமா என்பதை மட்டும் ஒரு பொறியாளர் படித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்.