அம்மா ஊத்தின மெழுகுவத்தி

போன பொங்கலுக்கு வீட்டை ஒட்டடை அடிக்கும்போது பரண்மேல ஒரு சாக்கு மூட்டை கையில் சிக்கியது. உள்ளே ரெண்டு ஓட்டை இட்லித் தட்டு, கைப்பிடி போன குக்கர், அதுக்கடியில் கனமா ஒரு அலுமினிய அச்சு. புத்தகம் மாதிரி ரெண்டு பாதியாத் திறக்கும். ஒரே தடவையில் பன்னிரண்டு மெழுகுவத்தி ஊத்தலாம்.

"இதை ஏம்மா இன்னும் வெச்சிருக்கே? பழைய இரும்புக்காரர்கிட்ட போட்டிருக்கலாமே" என்றேன்.

"இருந்துட்டுப் போகட்டுமே. உன்னை சோறா கேக்குது?"

அதுக்கு மேல நான் பேசவில்லை. காரணம் இருக்கு மக்களே.

1989. அப்பாவுக்கு வேலை இல்லாத வருஷம். அம்மா எங்கேயோ மூணு நாள் பயிற்சி வகுப்புக்குப் போய்ட்டு வந்து, ரெண்டு வளையலை அடகு வைத்து இந்த அச்சையும் கொஞ்சம் மெழுகுக் கட்டியும் வாங்கினாங்க. ராத்திரி சமையல் முடிந்ததும் அடுக்களையே தொழிற்சாலை. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் மஞ்சப் பையில் போட்டு மளிகைக் கடைகளுக்குக் கொண்டு போவது என் வேலை. எட்டாங்கிளாஸ் படிக்கிற பையன். கூடப் படிக்கிறவன் எவனாவது பார்த்துடுவானோ என்று சந்து சந்தாகப் போவேன்.

ஒரே மாசத்தில் சரக்கு திரும்பி வர ஆரம்பித்தது. புகார் மூணே மூணுதான். புகையுது. வெயில்ல வளையுது. நடுவுல ஓட்டை. ஒருநாள் திரும்பி வந்த பையைத் தரையில் வைத்துவிட்டு, "ஒரு வத்தி ஒழுங்கா ஊத்தத் தெரியல, உனக்கெல்லாம் எதுக்கு யாபாரம்?" என்று கேட்டுவிட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் அச்சு பரணுக்குப் போச்சு.

2012ல் தமிழ்நாடே கரண்ட் இல்லாமல் தவித்ததே, ஞாபகம் இருக்கா? சென்னையைத் தாண்டிவிட்டால் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டுதான். ஒருநாள் சாயங்காலம் கடைக்குப் போனால் மெழுகுவத்தி தீர்ந்து போச்சு என்றார்கள். "இப்ப ஊத்தியிருந்தா வித்திருக்கும், இல்ல?" என்று அம்மா கேட்டாங்க. அப்பவும் எனக்குப் பதில் தெரியவில்லை.

இப்போ அச்சு கையில் கிடைத்ததும், அந்த மூணு புகாரும் ஏன் வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க வெட்கமாகப் போய்விட்டது. அம்மாவுக்குத் தெரியாமல் போன அந்த மூணு விஷயத்தைக் கண்டுபிடிக்க ஐரோப்பாவின் பெரிய பெரிய வேதியியல் மூளைகளே பல வருஷம் மண்டையை உடைத்திருக்கின்றன!

முதல் புகார்: புகையுது

நம்ம ஊர் விளக்குக்கும் மெழுகுவத்திக்கும் அடிப்படை ஒன்றுதான். கொழுப்பு, திரி, தீ. பல்லவர் சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் நந்தா விளக்கு எரிக்க ஆடு கொடுத்த கணக்கு நிறைய வரும். ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடு. அந்த ஆட்டுப் பாலின் நெய்யில் விளக்கு அணையாமல் எரியணும். எங்க திருத்தணியிலும் மலைக்குப் போகிற கூட்டம் அவ்வளவாக எட்டிப் பார்க்காத வீரட்டானேஸ்வரர் கோயில், அபராஜித பல்லவன் காலத்தது, அதாவது ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசி. விளக்குக்கு இத்தனை கணக்கு வழக்கு வைத்த சமூகம் நம்முடையது.

ஆனால் எந்த விளக்குக்கும் ஒரு ஆள் வேணும். திரி கருகினால் முனையைத் தட்டி மேலே இழுத்துவிட வேணும். அதுக்கு வைத்திருந்த குச்சிதான் தூண்டுகோல். இப்போ மேடைக்கு மேடை "எனக்குத் தூண்டுகோலாக இருந்தவர்" என்கிறோமே, அந்த வார்த்தை விளக்கடியில் பிறந்தது. யாரும் தொடாமல் எரிகிற தூண்டா விளக்கு என்பது பெரிய விஷயம்.

ஐரோப்பாவிலும் இதே தலைவலிதான். பணக்காரர் வீட்டிலும் தேவாலயத்திலும் தேன்மெழுகு எரியும். ஏழை வீட்டில் மாட்டுக் கொழுப்பும் ஆட்டுக் கொழுப்பும். நாற்றம் வேறு. முறுக்கின பஞ்சுத் திரி சுடருக்குள் விறைப்பாக நிற்கும். முனைக்குக் காற்று கிடைக்காது. அதனால் சாம்பல் ஆகாமல் கரியாகி, காளான் மாதிரி குடை கட்டிப் புகையும். அடிக்கடி கத்தரியால் வெட்டிவிட்டுக்கொண்டே இருக்கணும்.

1825ல் கம்பசெரெஸ் என்ற பிரெஞ்சுக்காரர் திரியை முறுக்குவதற்குப் பதிலாகச் சடை மாதிரி பின்னினார். பின்னின திரி எரியும்போது ஒரு பக்கமாக வளையும். வளைந்த முனை சுடருக்கு வெளியே எட்டிப் பார்க்கும். அங்கேதான் சூடும் அதிகம், காற்றும் உண்டு. முனை தானாகவே எரிந்து சாம்பலாகிவிடும். கத்தரி வேண்டாம், ஆள் வேண்டாம். தூண்டா விளக்கு!

அம்மா என்ன திரி போட்டாங்க? பூஜைக்கு வாங்குகிற முறுக்கு நூல். நூல்தானே, எது போட்டால் என்ன என்று யாருக்கும்தான் தோணும். அகல் விளக்கில் அந்த நூலை விரலால் தள்ளிவிடலாம். மெழுகுவத்தியில் யார் தள்ளுவது?

மைக்கேல் ஃபாரடே 1860 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில், பிள்ளைகளுக்காக ஒரு மெழுகுவத்தியை மட்டும் வைத்து ஆறு சொற்பொழிவு நடத்தினார். அவர் காட்டின ஒரு வேடிக்கையை வீட்டிலேயே செய்து பாருங்கள். வத்தியை அணைத்ததும் ஒரு வெள்ளைப் புகை எழும் இல்லையா, திரியைத் தொடாமல் அந்தப் புகையில் எரியும் தீக்குச்சியைக் காட்டுங்கள். தீ குதித்து இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். எரிவது திரி இல்லை, ஆவியான மெழுகு. அளவாக மெழுகை மேலே ஏற்றுவதுதான் திரியின் வேலை. தடிமனான திரி அதிகமாக ஏற்றும், ஏற்றினதை எரிக்க முடியாமல் புகையாகக் கக்கும்.

ரெண்டாவது புகார்: வெயில்ல வளையுது

கோடையில் வானிலை அறிக்கை கேட்கிறவர்களுக்குத் தெரியும், நூறு டிகிரியைத் தாண்டின ஊர்ப் பட்டியலில் வேலூரோடு திருத்தணி பெயரும் அடிக்கடி வரும். அக்னி நட்சத்திரத்தில் கடை வாசலில் தொங்கின அம்மாவின் வத்திகள், கும்பிடு போடுகிற மாதிரி குனிந்து நின்றன.

இங்கேயும் ஒரு பிரெஞ்சுக்காரர் வருகிறார். செவ்ரல். கொழுப்பு என்பது ஒரே பொருள் இல்லை, கிளிசரினும் பலவகைக் கொழுப்பு அமிலங்களும் சேர்ந்தது என்று பிரித்துக் காட்டியவர். அதில் இளகலாக இருப்பதை ஒதுக்கிவிட்டு, கெட்டியான ஸ்டியரிக் அமிலத்தை மட்டும் எடுத்தால் கையில் ஒட்டாத, நாற்றமில்லாத, லேசில் உருகாத மெழுகுவத்தி கிடைக்கும். 1825ல் கேலுசாக்கோடு சேர்ந்து காப்புரிமையும் வாங்கினார். ஆனால் யாபாரம் படுத்துவிட்டது! அதை ஓடுகிற தொழிலாக ஆக்கினது 1830களில் வந்த தெ மிய்யி என்ற இன்னொருத்தர். செவ்ரலே தோற்ற யாபாரத்தில் எங்கம்மா தோற்றதில் என்ன அவமானம் சொல்லுங்கள் :-) (மனுஷன் 102 வயசு வரை வாழ்ந்தார், 1786 முதல் 1889 வரை.)

அப்புறம் பாரஃபின். 1850ல் ஜேம்ஸ் யங் நிலக்கரியிலிருந்து பாரஃபின் எடுக்கக் காப்புரிமை வாங்கினார். பின்னால் பெட்ரோலியத்தில் இருந்தே மலிவாகக் கிடைத்தது. பர்மாவின் கச்சா எண்ணெயில் மெழுகு அதிகம். 1850களிலேயே ரங்கூன் எண்ணெய் லண்டனுக்குப் போய் மெழுகுவத்தி ஆனது. நம்ம பக்கத்தில் அஸ்ஸாமின் டிக்பாய் சுத்திகரிப்பு ஆலை (1901) மெழுகுக்குப் பேர் போனது. எங்களுக்குப் பக்கத்து மணலியில் 1969ல் ஓடத் தொடங்கின ஆலையும் பிற்பாடு மெழுகு தயாரித்தது.

பாரஃபின் மலிவு, பளிச்சென்று எரியும். ஆனால் உருகு நிலைக்கு ரொம்ப முன்னாலேயே இளகிவிடும். எண்ணெய் முழுசா நீக்காத மலிவு ரகம் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் பாரஃபினோடு கொஞ்சம் ஸ்டியரிக் சேர்ப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வழக்கமாகிவிட்டது. பயிற்சி வகுப்பில் அம்மாவுக்கு இதைச் சொன்னார்களா, சொல்லியும் காசில்லாமல் விட்டாங்களா? கேட்டேன். "வெறும் மெழுகுக்கே காசு இல்ல" என்றாங்க.

மூணாவது புகார்: நடுவுல ஓட்டை

இது சுலபம். மெழுகு ஆறும்போது சுருங்கும். ஓரம் முதலில் இறுகும், நடு கடைசியில் இறுகும், அங்கே குழி விழும். பாதி இறுகினதும் இன்னொரு கரண்டி ஊத்தணும். 1834ல் ஜோசப் மார்கன் என்ற இங்கிலாந்துக்காரர் அச்சிலிருந்து வத்தியைத் தள்ளி வெளியேற்றும் இயந்திரம் செய்தார். அதுக்கப்புறம் மணிக்கணக்கில் காத்திருந்து ஒவ்வொன்றாக உருவுகிற கைவேலை, தொழிற்சாலை வேலை ஆகிவிட்டது. அம்மா போட்டி போட்டது அந்த இயந்திரத்தோடு. ராத்திரி பதினோரு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், பன்னிரண்டு பன்னிரண்டாக.

கொவ்வொத்தி

ஒரு பழைய விஷயமும் இப்போதான் புரிந்தது. எங்க ஊர் 1953ல் ஆந்திரா தனி மாநிலமானபோது அந்தப் பக்கம் போய், 1960 ஏப்ரல் 1ல் இந்தப் பக்கம் வந்த ஊர். தெருவுக்கு நாலு வீட்டில் தெலுங்கு. அடுத்த வீட்டுப் பெரியம்மா அம்மாவின் வத்தியைப் பூஜை அறையில் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார். தெலுங்கில் அதுக்குப் பேர் கொவ்வொத்தி. கொவ்வு என்றால் கொழுப்பு. கொழுப்பு வத்தி! தமிழில் மெழுகு என்று சொல்லிவிட்டதால் நமக்கு உறைக்கவில்லை. பழைய மாட்டுக் கொழுப்பு வத்தியின் வாசனை அந்தச் சொல்லில் இன்னும் இருக்கு. பெரியம்மாவின் சந்தேகம் முழுக்கத் தப்பும் இல்லை. பாரஃபின் மண்ணெண்ணெய் குடும்பம்தான். ஆனால் ஸ்டியரிக் பாமாயிலில் இருந்தும் வரும், விலங்குக் கொழுப்பில் இருந்தும் வரும். வாங்கும்போது கேட்டு வாங்குவது நல்லது.

இங்கிலாந்திலும் இந்தத் தொழில் கௌரவமாக இல்லை. 1830ல் வில்லியம் வில்சன் என்பவர் கூட்டாளியோடு கம்பெனி ஆரம்பித்தபோது, மெழுகுவத்தி யாபாரத்தில் தங்கள் பெயர் அடிபடக் கூடாது என்று பிரைஸ் என்று வேறொரு பெயரை வைத்தார்கள். இலங்கையில் ஆயிரம் ஏக்கர் தென்னந்தோப்பு எடுத்து, தேங்காயெண்ணெயில் வத்தி செய்து, பிற்பாடு உலகத்திலேயே பெரிய மெழுகுவத்தி கம்பெனிகளில் ஒன்றாக வளர்ந்தது அது. சந்து சந்தாகப் போனது நான் மட்டும் இல்லை போல!

சரி, கடைசியில் என்ன ஆச்சு?

பாரிமுனைப் பக்கம் போய் ஒரு கிலோ நல்ல பாரஃபின், நூறு கிராம் ஸ்டியரிக், பின்னின திரி வாங்கி வந்தேன். பெரிய பாத்திரத்தில் தண்ணீர், அதுக்குள் சின்னப் பாத்திரத்தில் மெழுகு. (நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, அடுப்பை அணைத்து மூடி போட்டு மூடணும்.) அச்சுக்குள் தேங்காயெண்ணெய் தடவி, திரியை வரிசையாக இழுத்துக் கட்டி, மூடிப் பூட்டி ஊத்தினேன். குழி விழுந்ததும் இன்னொரு கரண்டி. அப்புறம் அச்சைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்தேன்.

முதல் தடவை திரி தடிமன் அதிகம், புகைந்தது. "உனக்கெல்லாம் எதுக்கு யாபாரம்?" என்று அம்மா சொல்லவில்லை. "மெல்லிசுத் திரி போட்டுப் பாரேன்" என்றாங்க.

ரெண்டாவது தடவை நேராக நின்றது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஒன்றை ஏற்றி ஊஞ்சல் பக்கத்தில் வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்த அம்மா, பழக்க தோஷத்தில் திரியைத் தட்டிவிட விரலை நீட்டினாங்க.

"வேணாம்மா. இது தானா பாத்துக்கும். அன்னைக்கு உன் மேல தப்பில்ல, திரிதான் தப்பு."

"அது எனக்கு அப்பவே தெரியும்டா" என்றாங்க. "வேற திரி எங்கே கிடைக்கும்னுதான் தெரியல."

உங்க ஊர்ல இதுக்கு என்ன பேரு? மெழுகுவத்தியா, மெழுகுதிரியா, கொவ்வொத்தியா? வீட்டில் யாராவது ஊத்தியிருந்தால் அவர்கள் பட்ட பாட்டையும் எழுதுங்கள்.