குளிசையின் இரண்டாவது பயன்

நீரிழிவினால் உள்ளங்கால் எரிகின்றதெனக் கண்டி வைத்தியசாலைக்கு வரும் தோட்டத்து முதியவர் ஒருவரைக் கருதுவோம். வைத்தியர் எழுதிய சீட்டுக்கு, இரவில் ஒன்று உட்கொள்ளுமாறு சிறு குளிசைகள் கிடைக்கின்றன. வீடு திரும்பியதும் படித்த பேரன் பெயரைப் பார்த்து, "தாத்தா, இது மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்தல்லவா?" என்கிறான். அன்றோடு குளிசை நின்றுவிடுகின்றது, எரிவு நிற்பதில்லை.

பேரன் கூறியது பொய்யன்று. அமித்திரிப்டிலீன் என்னும் அம்மருந்து 1961ஆம் ஆண்டில் மனச்சோர்வுக்கென்றே விற்பனைக்கு வந்தது. ஆயினும் இவ்வகை மருந்துகள் தமக்கு விதித்த வழியில் ஒருபோதும் ஒழுங்காகச் சென்றதில்லை. 1952இல் நியூயோர்க்கைச் சேர்ந்த ஸ்ரேற்றன் தீவின் சீவியூ வைத்தியசாலையில் சயரோகிகளுக்கு இப்ரோனியசிட் கொடுக்கப்பட்டது. படுக்கையிற் கிடந்தோர் உற்சாகங் கொண்டனர். 1957இல் நேதன் கிளைன் அதனை மனச்சோர்வுக்குப் பயன்படுத்தலானார். ஈரலைக் கெடுத்தமையால் அது பின்னர் பல நாடுகளிற் கைவிடப்பட்டது. சுவிற்சர்லாந்தில் ரோலன்ட் கூன் வேறொரு மனநோய்க்கெனப் பரீட்சித்த இமிப்பிரமீன், அந்நோய்க்கு உதவாது, சோர்வுற்றோரைத் தேற்றிற்று. 1960இல் அதே இமிப்பிரமீன் சிறுவர் படுக்கையில் நீர் கழிப்பதைத் தடுக்கவும் பயன்பட்டது!

வலியைத் தணிப்பது மனம் தேறுவதனால்தானோ என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. 1987இல் அமெரிக்காவில் மிச்செல் மக்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, மனச்சோர்வு சற்றுமில்லாத நீரிழிவு நோயாளருக்கும் அமித்திரிப்டிலீன் வலியைத் தணிப்பதைக் காட்டிற்று. மூளையிலிருந்து முள்ளந்தண்டு வழியே இறங்கி வலிச் செய்தியை மட்டுப்படுத்தும் நரம்புகளை அது வலுப்படுத்துகின்றதென்பது இன்றைய விளக்கம். வலிக்குப் பெரும்பாலும் 10 அல்லது 25 மில்லிகிராமில் தொடங்குவர். சோர்வுக்கோ அதனினும் பன்மடங்கு வேண்டும்.

மருந்துச் சீட்டில் பெரும்பாலும் நோயின் பெயர் இராது. அளவையும் வேளையையும் வயதையும் கண்டு, கேட்டறிந்து, பயனை உணர வேண்டியவர் மருந்தாளரே. சிறுநீர் தடைப்படுகின்றதா, கண்ணில் அழுத்த நோயுண்டா, இருதயம் சீராக உள்ளதா என்பவை அவர் கேட்கவேண்டிய கேள்விகள். வரிசை நீண்டிருக்கும் காலை வேளையில் அது எளிதன்று என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கண்டித் திரித்துவக் கல்லூரியிற் கற்றுப் பின்னர் பேராதனை மருத்துவபீடத்தின் பீடாதிபதியான மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே, மருந்துகளை வியாபாரப் பெயரால் அன்றிப் பொதுப் பெயராலேயே அழைக்க வேண்டுமென வற்புறுத்தினார். 1971இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்திற்கு அவரே முதற் தலைவர். விலையைக் குறைத்தமை பற்றியே அவரைப் பலர் நினைவுகூர்வர். இருந்தும், மனநோய்ச் சிகிச்சைக்கு ஓரிடத்திலும் வலிக்கு மற்றோரிடத்திலும் மருந்து பெறும் ஒருவர், வெவ்வேறு வியாபாரப் பெயர்களில் அதே அமித்திரிப்டிலீனை இருமுறை விழுங்கினால், அளவு மிகுந்து இருதயத் துடிப்பே பிறழக்கூடும். பெயர் ஒன்றாயின் மருந்தாளர் கண்ணுக்கு அது தப்பாது.

அம்முதியவருக்கு வேண்டியதோ மிகச் சில சொற்களே. "ஐயா, இது கால் எரிவுக்குத்தான் தந்திருக்கு. ராத்திரி ஒன்று போடுங்க. வாய் கொஞ்சம் உலரும். விடிய எழும்பும்போது மெதுவா எழும்புங்க. குணம் தெரிய இரண்டு மூன்று கிழமை ஆகும், இடையில் நிறுத்திவிடாதீங்க."