புத்தாண்டுக்கு எந்தப் பாட்டு?

அனலைதீவில் ஆண்டொன்றுக்கு மூன்று தொடக்கங்கள் உண்டு. ஜனவரி முதல் நாள் அரசாங்கத்தின் தொடக்கம். பாடசாலைப் பதிவேடும் கந்தோர்க் கணக்கும் அதையே பின்பற்றுகின்றன. தை முதல் நாள் உழவனின் தொடக்கம். வழி பிறக்கும் என்ற பழமொழி அன்று எல்லார் வாயிலும் வருகிறது. சித்திரை முதல் நாள் பஞ்சாங்கத்தின் தொடக்கம். மருத்துநீர் வைத்து முழுகிப் பெரியோரிடம் கைவிசேடம் வாங்கும் நாள் அது. இம்மூன்று நாட்களிலும் பாட்டுக்குப் பஞ்சமில்லை. பாடசாலையில் சிறுவர் பாடுகின்றனர், கோயிலில் அடியார் பாடுகின்றனர், வானொலியோ நாள் முழுவதும் பாடுகிறது. 'நம்பிக்கை தரும் பாட்டாகத் தெரிந்தெடுங்கள்' என்று விழா நடத்துவோர் ஆசிரியர்களிடம் சொல்வதும் வழக்கமே. நம்பிக்கை தரும் பாட்டு என்றால் எது? அதை எவ்வாறு அடையாளம் காண்பது? இக்கேள்விக்கு வரலாற்றில் விடை தேட நாம் விரும்புகிறோம்.

சித்திரைப் புத்தாண்டோடு பாட்டுக்குள்ள உறவு மிகப் பழையது. பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டுப் பெயர்கள் நம்மிடம் சுழன்று வருகின்றன. ஒவ்வொரு பெயருக்கும் இடைக்காடர் பாடியதாக வழங்கும் வெண்பா ஒன்று உண்டு. மழை பெருகுமா குறையுமா, விளைவு எப்படி, ஆள்வோர் நிலை என்ன என்று அது முன்கூட்டியே பலன் சொல்கிறது. ஆறு என்பதையே அறியாத தீவு அனலைதீவு. மாரி மழையையும் கிணற்றையும் நம்பிப் புகையிலை நட்டும், பனையையும் கடலையும் நம்பி உயிர் காத்தும் வந்த மக்கள் வருகிற ஆண்டின் மழையை அறியத் துடித்ததில் வியப்பேதும் இல்லை. அத்துடிப்பை நாம் எள்ளி நகையாடவில்லை. ஆனால் அதற்குக் கிடைத்த விடையைச் சோதித்துப் பார்க்க வேண்டாமா?

பிரபவ ஆண்டையே எடுத்துக்கொள்வோம். 1927 சித்திரையில் ஒரு பிரபவ பிறந்தது. அவ்வாண்டு நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார். சாதி வேற்றுமையை எதிர்த்தும் நாட்டு விடுதலையை வேண்டியும் நின்ற மாணவர் காங்கிரஸ் இளைஞர்கள் அவரை வரவேற்றனர். அறுபது ஆண்டுகள் சென்று 1987 சித்திரையில் அடுத்த பிரபவ பிறந்தது. அவ்வாண்டு அக்டோபரில் இந்தியப் படை யாழ்ப்பாணத்தில் போர் புரிந்தது. வைத்தியசாலைக்குள்ளேயே நோயாளரும் வைத்தியரும் மாண்டனர். ஒரே பெயர், ஒரே வெண்பா. ஆனால் வேறு வேறு வரலாறு! ஆண்டுகள் தாமாக நன்மையையும் தீமையையும் சுமந்து வருவதில்லை. மனிதர் அமைத்த ஆட்சியும், மனிதர் செய்த முடிவுகளும், மனிதர் நடத்திய போராட்டங்களுமே அவற்றைக் கொண்டுவருகின்றன.

மங்கலச் சொல்லால் மங்கலம் விளையும் என்ற எண்ணம் பஞ்சாங்கத்தோடு நின்றுவிடவில்லை. அரசாங்கத்தையும் அது ஆட்டிவைத்தது. ஆனந்த சமரக்கோன் இயற்றிய பாடல் 1951இல் இலங்கையின் தேசிய கீதமாக ஏற்கப்பட்டது. பின்னர் நாட்டுக்குத் தொல்லைகள் வந்தன. 1959இல் பிரதமர் பண்டாரநாயக்கா சுட்டுக் கொல்லப்பட்டார். பாட்டின் முதற் சொற்களில் உள்ள அசைக் கூட்டமே கேட்டுக்குக் காரணம் என்று சிலர் கூறினர். 1961இல், கவிஞர் எதிர்த்தும் கேளாமல், தொடக்க அடி மாற்றப்பட்டது. 1962 ஏப்ரலில் அக்கவிஞர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மொழிச் சட்டம் 1956இல் தோற்றுவித்த பிளவை ஆராயாமல் பாட்டின் அசையை ஆராய்ந்த அந்த அறிவை என்னென்பது? அசை மாறியும் நாட்டின் துன்பம் மாறவில்லை. அதே கீதத்துக்குப் புலவர் மு. நல்லதம்பி தந்த தமிழ் வடிவம் 2016இன் சுதந்திர தின விழாவில் ஒலித்தது. 2020இன் விழாவில் விலக்கப்பட்டது. ஒரு நாட்டின் பாட்டில் மங்கலம் எங்கே இருக்கிறது? தொடக்க எழுத்திலா, அன்றி அதைப் பாட யார் யாருக்கு இடமுண்டு என்பதிலா?

இன்னொரு வகைப் பாட்டும் உண்டு. அது பலன் சொல்வதில்லை. துன்பத்தை மறக்கச் செய்கிறது. இன்று உலகெங்கும் ஒலிபரப்பாகும் வியன்னா நகரத்துப் புத்தாண்டு இசையரங்கை நம்மில் பலர் அறிவோம். அதன் முதல் நிகழ்ச்சி நடந்த நாள் 1939 டிசம்பர் 31. ஆஸ்திரியா அப்போது ஹிட்லரின் ஆட்சியில் இருந்தது. போலந்து அழிக்கப்பட்டு நான்கு மாதங்கள்கூட ஆகவில்லை. அவ்விசைக்குழுவிலிருந்த யூதக் கலைஞர்கள் முன்னரே விரட்டப்பட்டிருந்தனர். அவர்களுட் சிலர் பின்னர் முகாம்களில் மாண்டனர். அரங்கிலோ இனிமை ததும்பும் நடன இசை! வசூலான பணம் நாஜிகளின் குளிர்கால நிதிக்குச் சென்றது. இசையின் இனிமையில் நாம் குறை காணவில்லை. யாரை வெளியே தள்ளிக் கதவை அடைத்துவிட்டு உள்ளே இனிமை பாடப்படுகிறது என்றுதான் கேட்கிறோம்.

அப்படியானால் உண்மையான நம்பிக்கைப் பாட்டு எங்கே கிடைக்கும்? தீவக மக்களுக்கு அது தொலைவில் இல்லை. வட இலங்கைக் கடற்கரைகளில் கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டை எண்ணிப் பாருங்கள். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர் ஏற்றுப் பாடுகின்றனர். பாட்டின் ஓசைக்கு எல்லாக் கைகளும் ஒன்றாக வலிக்கின்றன. வலையில் மீன் உண்டா என்பது பாடுவோருக்குத் தெரியாது. மீன் வரும் என்று அப்பாட்டு ஆரூடம் கூறுவதும் இல்லை. கைகள் சேர்ந்தால் வலை கரைக்கு வரும் என்பதே அது தரும் உறுதி. அறியாத நாளை நோக்கி அறிந்த உழைப்போடு செல்வது இதுதான். நம்பிக்கை என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான பொருளை நாம் காணவில்லை.

உலக வரலாறும் இதற்குச் சான்று தருகிறது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமைகளை வாடகைக்கு விடும் நாளாக ஜனவரி முதல் நாள் இருந்து வந்தது. தாயும் பிள்ளையும் பிரிக்கப்படும் அந்நாளைக் கறுப்பின மக்கள் அஞ்சி வெறுத்தனர். 1862 டிசம்பர் 31 இரவிலோ அதே மக்கள் தேவாலயங்களில் விழித்திருந்து பாடினர். மறுநாள் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வரவிருந்தது. பாஸ்டன் நகரில் தந்திச் செய்திக்காகக் காத்திருந்தோருள் பிரெடெரிக் டக்ளஸும் ஒருவர். பிரகடனம் முழுமையானதல்ல, கிளர்ச்சி செய்த மாநிலங்களுக்கு மட்டுமே அது பொருந்தியது. 1865 டிசம்பரில்தான் அரசியல் சட்டம் அடிமை முறையை நாடெங்கும் நீக்கியது. பாடியவர்கள் இதை அறியாதவர்களா? குறையை அறிந்தே பாடினர். பாடியபின் மிச்சத்துக்காகவும் போராடினர். ஜனவரி முதல் நாள் அவ்வாறுதான் அவர்களுக்குப் புத்தாண்டாயிற்று.

தமிழில் பாரதி செய்ததும் இதற்கு இணையானதே. விடுதலை கிடைத்துவிட்டதாகவே கொண்டாடும் பாட்டொன்றை, அது கிடைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அவர் பாடினார். 1921இல் அவர் மறைந்தார். 1928இல் அவர் பாடல்களை ஆங்கில அரசு பறிமுதல் செய்தது. 1947 பொங்கலையொட்டி வெளிவந்த 'நாம் இருவர்' படத்தில் டி. கே. பட்டம்மாளின் குரலில் அவ்விடுதலைப் பாட்டு திரையரங்குகளில் முழங்கியபோது, விடுதலை நாளுக்கு இன்னும் ஏழு மாதங்கள் இருந்தன. அப்பாட்டுக்கு அவர் தெரிந்தெடுத்த வடிவத்தையும் நாம் கவனிக்க வேண்டும். அது பள்ளு, வயலில் உழைத்தும் ஒடுக்கப்பட்டும் கிடந்த மக்களின் பெயரால் வழங்கும் இலக்கிய வகை. அவர்கள் ஆடினால்தான் விடுதலை முழுமையாகும் என்பதை அவ்வடிவமே உணர்த்துகிறது.

யாழ்ப்பாணத்துப் புத்தாண்டை இந்த அளவுகோலால் அளந்தால் நாம் நாணித் தலைகுனிய நேரும். பாட்டும் படையலுமாகக் கோயில்கள் பொலிந்த நாட்களில், ஒடுக்கப்பட்ட சாதியினர் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது, கதவுகளோ திறக்கவில்லை. 1966 அக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், அதைத் தொடர்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டங்களுமே கதவுகளை அசைத்தன. சமத்துவத்தைப் பாடிய யாழ்ப்பாணக் கவிராயர் பசுபதி தம் கவிதைத் தொகுதிக்குப் 'புது உலகம்' என்று பெயரிட்டார். அவ்வுலகம் எந்தப் பஞ்சாங்கத்திலும் குறிக்கப்பட்டிருக்கவில்லை என்பதை அவர் அறிந்திருந்தார்.

இனி அனலைதீவுக்கு வருவோம். ஊர்காவற்றுறையிலிருந்து படகேறித்தான் இத்தீவை அடைய வேண்டும். படகு தீவக மக்களுக்கு உயிர்நாடி. 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவுக் கடலில் குமுதினிப் படகுப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டதை அவர்கள் எவ்வாறு மறப்பர்? 1990 ஆகஸ்டில் படையினர் தீவுகளைக் கைப்பற்றியபோது பெருந்தொகையானோர் இடம்பெயர்ந்தனர். இன்று இம்மண்ணின் பிள்ளைகள் பலர் கனடாவின் பனியிலே சித்திரையைக் கொண்டாடுகின்றனர். ஒளி பிறக்கும் என்று புத்தாண்டு மேடையில் சிறுவர் பாடுகின்றனர். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் காற்றாலும் வெயிலாலும் மின்சாரம் தரும் திட்டத்தைச் சீன நிறுவனமொன்றுக்கு வழங்க 2021 ஜனவரியில் தீர்மானித்தார்கள். இந்தியா ஆட்சேபித்தது, அவ்வாண்டு டிசம்பரில் அது நின்றுபோயிற்று. 2024 மார்ச்சில்தான் இந்திய அரசின் 1 கோடியே 10 இலட்சம் டொலர் நன்கொடையில் புதிய ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. இரு பெரிய நாடுகளின் கணக்குகளுக்கிடையே மூன்று சிறு தீவுகளின் விளக்கு மூன்று ஆண்டுகள் காத்துக்கிடந்தது! ஒளியைப் பாடும் பிள்ளைக்கு இந்தக் கதையையும் சொல்லிக்கொடுத்தால் என்ன?

ஆகவே, ஆசிரிய நண்பர்களே, பாட்டைத் தெரிந்தெடுக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்குமாறு வேண்டுகிறோம். இப்பாட்டு நம்மவரின் இன்றைய துன்பத்தை அறிந்திருக்கிறதா, மூடி மறைக்கிறதா? இதைப் பாடும் கூட்டத்தில் இடமில்லாதவர் எவரேனும் உண்டா? ஆண்டு நமக்கு ஏதோ தரும் என்கிறதா, நாம் சேர்ந்து செய்ய வேண்டியதைச் சொல்கிறதா? இம்மூன்றுக்கும் நல்ல விடை தரும் பாட்டு பழையதானாலும் புதியதானாலும், பண்டிதர் இயற்றியதானாலும் கடற்கரையில் பிறந்ததானாலும், அது புத்தாண்டுக்கு உரியது.

அத்தகைய பாட்டு கைக்குக் கிட்டவில்லையா? தீவின் முதியோரிடம் மாணவரை அனுப்புங்கள். வலை இழுத்தவரும், துலா மிதித்தவரும், நாற்று நட்டவரும் அறிந்த பாடல்களை அவர்கள் எழுதி வரட்டும். அவற்றின் மெட்டிலே தங்கள் காலத்தின் சொற்களை வைத்து அம்மாணவரே புதிதாகப் பாடட்டும். அடுத்த சித்திரைக்கு வேண்டிய பாட்டு அப்படியே பிறக்கும்.