நாளைய கோழி

ஞாயிற்றுக்கிழமை காலை. கோழிக்கடை வாசலில் நிற்கிறீர்கள். கம்பிக் கூண்டுக்குள் வெள்ளை வெளேரென்று பிராய்லர் கோழிகள். எழுந்து நிற்கக்கூட சோம்பல். 'எங்க பாட்டி வீட்டு நாட்டுக்கோழி ருசி வருமா?' என்று பின்னால் ஒருவர் ஆரம்பிக்கிறார். 'இது வெள்ளைக்காரன் கோழி சார்' என்று இன்னொருவர் முடித்து வைக்கிறார்.

அங்கேதான் தப்பு. அந்தக் கூண்டுக்குள் ஓடுவதில் ஒரு பங்கு நம்ம ஊர் ரத்தம்!

கதை 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரம்பிக்கிறது. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் என்று ஒரு பகுதி. அந்த ஊர்க்காரர் வால்டர் கில்பர்ட், இந்தியாவில் கம்பெனி ராணுவத்தில் தளபதி. இங்கிருந்து போன அசில் சேவல்களை அங்கே உள்ளூர்ச் சண்டைக்கோழியோடு கலந்தவர் அவர்தான் என்று சொல்வார்கள். அசில் தெரியும்தானே? நீண்ட கழுத்து, முறைத்த கண். களத்தில் செத்தாலும் சாகும், பின்வாங்காது. இரண்டையும் சேர்த்தால் சூரப்புலி பிறக்கும் என்பது கணக்கு. பிறந்ததோ குட்டைக் கால், அகல நெஞ்சு. சண்டைக்கு லாயக்கில்லை. ஆனால், நெஞ்சு முழுக்கக் கறி! அதற்கு 'இந்தியன் கேம்' என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்கா போனதும் 'கார்னிஷ்' ஆகிவிட்டது.

இப்போது அமெரிக்காவுக்கு வாருங்கள். பி.காம். படிக்கும்போது எங்களுக்கு 'பை-ப்ராடக்ட்' என்று ஒரு பாடம் உண்டு. சர்க்கரை ஆலைக்கு மொலாசஸ் மாதிரி. அந்தக் காலத்தில் கோழிக்கறி அப்படித்தான். தொழில் என்றால் முட்டை. முட்டை போடுவதை நிறுத்திய கிழட்டுக்கோழி குழம்புக்கு. அவ்வளவுதான்.

1923-ல் டெலவேர் மாநிலத்தில் செசில் ஸ்டீல் என்ற அம்மாள், முட்டைக்காக 50 குஞ்சுக்கு ஆர்டர் கொடுத்தார். வந்து இறங்கியது 500! திருப்பி அனுப்பாமல் கொட்டகை போட்டு வளர்த்தார். பதினெட்டு வாரத்தில் 387 பிழைத்தன. பவுண்டு 62 சென்ட் என்று கறிக்கு விற்றார். அடுத்த வருஷம் தெரிந்தே 1,000 வாங்கினார். அக்கம்பக்கத்தினரும் ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு சப்ளை தவறு, ஒரு தொழில் ஆகிவிட்டது.

பிறகு இரண்டாம் உலகப் போர். மாட்டிறைச்சிக்கு ரேஷன், கோழிக்கு இல்லை. மக்கள் கோழிக்குப் பழகினார்கள். போர் முடிந்தால் திரும்ப மாட்டிறைச்சிக்கே போய்விடுவார்களே? பெரிய மளிகைச் சங்கிலியான ஏ அண்ட் பி நிறுவனத்துக்குக் கவலை வந்தது. அரசின் விவசாயத் துறையோடு சேர்ந்து ஒரு போட்டி அறிவித்தார்கள். பெயர், 'நாளைய கோழி'! நெஞ்சு இப்படி இருக்க வேண்டும், தொடை இப்படி இருக்க வேண்டும் என்று மெழுகில் பொம்மையே செய்து காட்டினார்கள். இறுதிச் சுற்று 1948-ல். 25 மாநிலங்களிலிருந்து முட்டைகள் வந்தன. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பொரித்து, ஒரே தீவனம் போட்டு, சுமார் பன்னிரண்டு வாரம் வளர்த்து, அறுத்து, மார்க் போட்டார்கள்.

ஜெயித்தவர் கலிபோர்னியாக்காரர் சார்லஸ் வான்ட்ரெஸ். அவர் கோழி என்ன தெரியுமா? கார்னிஷ் ரத்தமும் 'நியூ ஹாம்ப்ஷயர்' ரத்தமும் கலந்தது. நம்ம அசிலின் பேரன்!

1925-ல் அமெரிக்காவில் ஒரு கறிக்கோழி விற்பனைக்கு வர 112 நாள், எடை இரண்டரை பவுண்டு. இன்று சுமார் 47 நாள், ஆறு பவுண்டுக்கு மேல். ஒரு பவுண்டு எடை ஏற அன்று தின்ற தீவனத்தில் பாதிகூட இன்று வேண்டாம். சும்மா சொல்லக் கூடாது, பணக்காரன் பண்டத்தை ஏழை தட்டுக்குக் கொண்டுவந்தது இந்தக் கணக்குதான்.

ஆனால், இதில் ஒரு பூட்டு இருக்கிறது. கனத்த ஜாதிப் பெட்டை அதிகம் முட்டையிடாது. எனவே அப்பா வழியைக் கறிக்காகவும், அம்மா வழியை முட்டைக்காகவும் தனித்தனியே வளர்த்து, கடைசியில் கலப்பார்கள். பிறக்கும் குஞ்சுகள் எல்லாம் அச்சில் வார்த்தது போல் இருக்கும். அந்தக் குஞ்சுகளுக்குள்ளேயே ஜோடி சேர்த்தால்? ஒன்று தாத்தா மாதிரி, ஒன்று பாட்டி மாதிரி, ஒன்று எதுவாகவும் இல்லாமல். ஆகவே ஒவ்வொரு முறையும் கம்பெனி வாசலுக்கே போயாக வேண்டும். பேடன்ட் ஆபீஸ் வேண்டாம், வக்கீல் வேண்டாம். காப்புரிமை கோழியின் உடம்புக்குள்ளேயே!

'நான் வீட்டிலேயே கலந்து பார்க்கிறேன்' என்கிறீர்களா? தாராளமாக. பிராய்லரை வயிறு முட்டத் தின்னவிட்டால் முட்டைப் பருவம் வருமுன்னே கால் மடங்கும், இல்லை இதயம் நிற்கும். பெரிய பண்ணைகளிலும் தாய்க்கோழிகளுக்கு அளந்துதான் தீவனம். நீங்களும் அளந்து போட்டு வளர்த்து, பிராய்லர் பெட்டையோடு நாட்டுச் சேவலை விடுங்கள். கனத்த பிராய்லர் சேவல் ஏறினால் நாட்டுப் பெட்டையின் முதுகு தாங்காது. அடைகாக்க ஒரு நாட்டுக்கோழியைத் தேடிக்கொள்ளுங்கள். பிராய்லருக்கு அந்த வேலை மறந்தே போய்விட்டது. முதல் தலைமுறை நாட்டுக்கோழியைவிட வேகமாக வளரும், பிராய்லரைவிடத் தெம்பாக ஓடும். நம்ம நாட்டு ஆராய்ச்சி நிலையங்களும் புழக்கடைக்கென்று கலப்புக் கோழிகள் கொடுத்திருக்கின்றன. ஹைதராபாத்தின் வனராஜா, பெங்களூரின் கிரிராஜா, இஜத்நகரின் நிர்பீக். இதில் நிர்பீக்கின் ஒரு பாதி அசிலேதான்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கலப்பதற்குக் கலப்பில்லாத சரக்கு கையில் இருக்க வேண்டும். 1940-ல் உருவாகி, அங்கே கொடிகட்டிப் பறந்த 'டெலவேர்' கோழி, கலப்பினம் வந்த பிறகு அரிய ஜாதிகள் பட்டியலில் சேர்ந்துவிட்டது. மூலதனத்தைத் தின்று லாபம் என்று எழுதினால், எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

பல்லடம் பக்கம் போய் 'காப்' என்று சொல்லிப் பாருங்கள், பண்ணைக்காரர்களுக்குத் தெரியும். அந்த அமெரிக்கக் கம்பெனியின் முழுப் பெயர் காப்-வான்ட்ரெஸ். ஆமாம், அதே வான்ட்ரெஸ்! பல பண்ணைகளில் குஞ்சு கம்பெனியுடையது, தீவனம் கம்பெனியுடையது. கொட்டகையும் உழைப்பும் நம்முடையது. கிலோவுக்கு இத்தனை என்று வளர்ப்புக் கூலி.

உங்கள் ஊரில் யாராவது ஒரு பெரியவர் இன்னும் ஒரு ஜோடி அசிலைக் கலப்பில்லாமல் வைத்திருப்பார். 'கிறுக்கு' என்று சிரித்துவிட்டு நகராதீர்கள். இரண்டு முட்டை கேட்டு வாங்கி வந்து அடை வையுங்கள்.