விருந்தினன் விட்டுச் சென்ற அறை

விருந்தோம்பலைப் போற்றாத தமிழ்ப் புலவர் இலர். திருவள்ளுவர் ஓர் அதிகாரத்தையே அதற்கென ஒதுக்கினார். அந்தப் பத்துக் குறளையும் பள்ளிப் பருவத்தில் மனப்பாடம் செய்து ஒப்பித்தவர்கள்தாம் நாம் அனைவரும். ஆயினும், நடுத்தர வயதில் அவற்றை மீண்டும் எடுத்து ஓதும்போது ஒன்று புலப்படுகிறது. பத்தும் விருந்து இடுபவனை நோக்கியே பேசுகின்றன. அவன் முகம் எவ்வாறு இருத்தல் வேண்டும், அவன் உள்ளம் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதெல்லாம் அங்கே உண்டு. வந்து தங்கியவன் போகும்போது அவ்வீட்டை எந்நிலையில் விட்டுச் செல்லவேண்டும் என்பதற்கு அங்கே விடை இல்லை. வள்ளுவரைக் குறை கூறுவது நம் கருத்தன்று. நம் மரபு இக்கேள்வியை நெடுங்காலம் கேட்காமலே இருந்துவிட்டது என்பதைச் சுட்டவே இதைக் கூறுகிறோம்.

விதிவிலக்காக ஒரு காட்சி சிலப்பதிகாரத்தில் உண்டு. மதுரைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் ஆயர் முதுமகளிடம் ஒப்படைக்கிறார். மாதரி, செம்மண் பூசிப் பந்தர் இட்ட சிறு மனையொன்றை அவ்விருவர்க்கும் ஒழித்துத் தருகிறாள். இன்றைய பேச்சில் சொன்னால் அது சில நாள் தங்கலுக்குக் கிடைத்த இரவல் வீடு. கோவலன் உண்ண அமரும் முன்னர்க் கண்ணகி தரையில் நீர் தெளித்துத் தன் கையாலேயே தடவித் தூய்மை செய்து, அதன் பின்னரே வாழைக் குருத்தை விரிக்கிறாள். மயங்கிக் கிடந்த நிலமகளைத் தெளிவிப்பது போல என்று இளங்கோவடிகள் அதற்கு உவமையும் தருகிறார். புகார் நகரத்துப் பெருவணிகன் மகள் அவள். ஏவலுக்கு மாதரியின் மகள் ஐயை அருகிலேயே இருக்கிறாள். இருந்தும் தரையைத் துடைத்த கை விருந்தாக வந்தவளின் கையே. இக்காவியத்தைப் பற்றி மேடையேறுவோர் சிலம்பை உடைத்த கையைத்தான் பெரிதும் பேசுகின்றனர். தரையைத் துடைத்த கையைப் பேசுவார் குறைவு.

காவியத்தை விட்டு வரலாற்றுக்கு வருவோம். தமிழகத்தில் வழிநடைப் பயணிகளுக்குத் தங்கலும் உணவும் தந்தவை சத்திரங்கள். மதுரையில் புகைவண்டி நிலையத்துக்கு எதிரே உள்ள மங்கம்மாள் சத்திரத்தை ஊர் போய்வரும் நம்மவர் பலரும் அறிவர். இராணி மங்கம்மாள் 1689 முதல் 1706 வரை ஆண்டவர். தஞ்சை மராட்டிய மன்னர்களோ இராமேசுவரம் செல்லும் சாலை நெடுகிலும் சத்திரங்களை எழுப்பினர். நீடாமங்கலத்து யமுனாம்பாள் சத்திரமும், ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரமும் அவற்றுள் புகழ் வாய்ந்தவை. மராட்டிய மன்னர் தமிழ் மண்ணில் கட்டிய சத்திரங்களில் நம் முன்னோர் தங்கினர். தமிழராகிய நாம் இன்று மராட்டிய மண்ணில் தங்கியிருக்கிறோம். இக்கொடுக்கல் வாங்கல் நினைத்துப் பார்க்கத்தக்கது.

இரண்டாம் சரபோசி மன்னர் 1801-ஆம் ஆண்டு ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு இச்சத்திரங்களைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார். அந்தணர் முதல் பறையர் ஈறாக வருவோர் அனைவர்க்கும் உணவு. சமைத்த சோறு ஏலாதவர்க்கு அரிசி முதலான பண்டங்கள். நள்ளிரவில் மணியடித்து, இன்னும் உண்ணாதவர் உளரோ என்று கூவி அழைத்தல். நோயுற்றுப் பயணம் தொடர இயலாதவர்க்கு மருத்துவம். கருவுற்ற பெண்டிர்க்கும் பச்சிளங் குழந்தைகட்கும் பேணுதல் என்று அக்கடிதம் நீள்கிறது. படிக்கும்போது நெஞ்சம் நெகிழ்கிறது. எனினும் அங்கும் கொடுப்பவன் கடமைகளே நிறைந்துள்ளன. காசியில் 1863-இல் நாட்டுக்கோட்டை நகரத்தார் நிறுவிய சத்திரமும் அவ்வறத்தின் வழிவந்ததே.

வெள்ளையர் அரசு இதைச் சட்டமாகவே ஆக்கிற்று. 1867-ஆம் ஆண்டின் சராய்ச் சட்டம் என்று ஒன்று இருந்தது. மத்திய அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு வாழும் நமக்குப் பழஞ்சட்டங்களைப் புரட்டுவதில் ஒரு சுவை உண்டு, வாசகர் பொறுத்தருள்க. வழிப்போக்கர் தங்கும் விடுதியை நடத்துபவன் செய்யவேண்டியவற்றை அச்சட்டத்தின் ஏழாம் பிரிவு அடுக்கிற்று. அறைகள், தாழ்வாரங்கள், சாக்கடைகள், கிணறுகள் ஆகியவற்றை மாஜிஸ்திரேட் மனநிறைவு கொள்ளும் வகையில் தூய்மை செய்தல் வேண்டும். தொற்றுநோய் கண்டவர் இருப்பின் உடனே காவல் நிலையத்துக்கு அறிவித்தல் வேண்டும். கள்வர் ஏறி இறங்குதற்கு ஏதுவான மரக்கிளைகளைக்கூட வெட்டுதல் வேண்டும்! தவறினால் இருபது ரூபாய் வரை தண்டம். தவறு நீடிக்கும் நாள் ஒவ்வொன்றுக்கும் மேலும் ஒரு ரூபாய் வரை. மரக்கிளையை மறவாத சட்டம் தங்கியவனை மறந்துவிட்டது. எச்சில் இலையை அவன் எங்கே இடவேண்டும் என்பதைப் பற்றி அப்பிரிவில் ஒரு சொல்லும் இல்லை.

இம்மறதிக்குக் காரணம் யாது? விடை கசப்பானது. இலையை எடுக்கவும், கழிவறையைத் துப்புரவு செய்யவும் ஒருவர் எப்போதும் இருந்தார். பிறப்பினால் அவ்வேலைக்கென்று ஒதுக்கப்பட்டவர் அவர். அவர் இருக்கும்வரை விருந்தினன் விட்டுச் செல்லும் அழுக்கு விருந்தினனுடைய அழுக்காகத் தோன்றுவதே இல்லை. நம் இலக்கியங்கள் இவ்வினாவை எழுப்பாமைக்கு வேறு காரணம் நமக்குத் தோன்றவில்லை.

இதை ஒரு விருந்தினர் 1901-ஆம் ஆண்டு வெளிப்படக் கண்டார். கல்கத்தாவில் காங்கிரசு மகாசபை கூடிற்று. தலைவர் நம் பம்பாயைச் சேர்ந்த தீன்ஷா வாச்சா. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த காந்தியடிகளுக்கு ரிப்பன் கல்லூரியில் இடம் தரப்பட்டது. அங்கே கழிவறைகள் சில, பிரதிநிதிகளோ பலர். நாற்றம் தாங்கவில்லை. தொண்டர்களிடம் சுட்டிக்காட்டியபோது, அது தோட்டியின் வேலை என்று கூறிவிட்டனர். காந்தியடிகள் துடைப்பம் ஒன்றைத் தேடிப் பெற்றுத் தாமே துப்புரவு செய்தார். சிலர் இரவில் அறைக்கு வெளியே தாழ்வாரத்தையே கழிவிடமாகப் பயன்படுத்தினர் என்றும் அவர் தம் சத்திய சோதனையில் எழுதியுள்ளார். நாட்டின் விடுதலையைப் பற்றிப் பேச வந்த படித்த பெருமக்கள் அவர்கள்!

அதே இடத்தில் தமிழராகிய நம்மைப் பற்றியும் ஒரு செய்தி இருக்கிறது. மறைத்துவிட மனம் வரவில்லை. உண்ணும்போது பிறர் பார்வை பட்டாலும் தீட்டு என்று கருதிய தமிழ்ப் பிரதிநிதிகளுக்காகக் கல்லூரி வளாகத்தில் தட்டி கட்டித் தனிச் சமையலறை அமைக்கப்பட்டதாம். சமையலும் உணவும் கை கழுவுதலும் அவ்வொரு கூண்டுக்குள்ளேயே. புகை போக வழியில்லை. மடி காப்பதற்கு அத்தனை முயற்சி எடுத்துக்கொண்டவர்கள் நாம். தூய்மை வேறு, மடி வேறு என்பதை அக்கூண்டுக்குள் இருந்தவர்கள் அறிந்திருப்பார்களா என்பது ஐயமே.

இனி நாம் வாழும் மாநகருக்கு வருவோம். 1896-ஆம் ஆண்டு செப்டம்பரில் மாண்ட்வியில் தோன்றிய பிளேக் நோய் இந்நகரைக் கலக்கிற்று. வீடுகளுக்குள் அதிகாரிகள் புகுந்து சுண்ணாம்பு அடித்தனர். 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்டு அமைந்தது. அதன் திட்டங்களில் உருவானவையே தாதர், மாதுங்கா பகுதிகளின் அகன்ற தெருக்கள். பின்னர் அத்தெருக்களில்தான் தமிழ்க் குமாஸ்தாக்கள் குடியேறினர். ஓர் அறையும் சமையலறையும் கொண்ட வீட்டில் குடும்பமும், ஊரிலிருந்து வேலை தேடி வந்த மைத்துனனும், அவன் நண்பனும் படுத்து எழுந்த காலம் அது. தாராவியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோர் நிலை இதனினும் நெருக்கம். அவ்வீடுகளில் விருந்தினன் விடியுமுன் பாயைச் சுருட்டாவிட்டால் வீட்டார்க்குக் காலூன்ற இடமில்லை. யாரும் கற்பிக்காமலே விருந்தினன் கடமை அங்கே பிறந்துவிட்டது.

கோவாக்காரர்கள் இதை ஒரு நிறுவனமாகவே வளர்த்தனர். தோபி தலாவில் ஜெர் மகால் முதலான கட்டடங்களில் ‘கூட்’ எனப்படும் ஊர்க் கழகங்கள் உள்ளன. ஊருக்கு ஒன்று. கப்பல் வேலைக்குச் செல்லும் மாலுமிகள் இரு பயணங்களுக்கு இடையே குறைந்த கட்டணத்தில் அங்கே தங்குவர். சுவரோரம் தகரப் பெட்டிகள். மாலையில் சேர்ந்து செபமாலை. ஒருவன் எழுந்து சென்ற இடத்தில் அடுத்துப் படுப்பவன் அவனுடைய ஊரானே. அங்கே குப்பையை விட்டுச் சென்றால் செய்தி ஊருக்கும் போய்ச் சேரும். அடுத்து வருபவன் முகம் தெரிந்தால் அறை தூய்மையாக இருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது. சத்திரத்தில் அம்முகம் தெரிவதில்லை.

முகம் தெரியாத அடுத்தவனுக்காகவும் துடைப்பம் எடுத்த ஒருவரை மராட்டிய மண் ஈன்றது. அமராவதி மாவட்டத்தில் 1876-இல் சலவைத் தொழிலாளர் குடியில் பிறந்த காட்கே மகாராஜ் அவர். ஒட்டுப் போட்ட உடை, மண்சட்டி, கையில் துடைப்பம். ஓர் ஊருக்கு விருந்தாகச் சென்றால் முதலில் தெருவைப் பெருக்குவார். மாலையில் கீர்த்தனம் செய்வார். பெருக்கியவர்தான் கீர்த்தனக்காரர் என்று அறியும்போது ஊரார்க்கு நாணம் வரும். கிடைத்த நன்கொடையைக் கொண்டு பண்டரிபுரம், நாசிக், ஆளந்தி முதலிய இடங்களில் தர்மசாலைகள் கட்டினார். கோயிலுக்குள் விடப்படாத அடியார் சோகாமேளாவின் பெயரால் பண்டரிபுரத்தில் அவர் எழுப்பிய தர்மசாலை தீண்டாமைக்கு ஆளான யாத்திரிகர்களுக்கானது. அதை அம்பேத்கரின் கல்விக் கழகத்துக்கே அளித்தார். 1956 டிசம்பரில், அம்பேத்கர் மறைந்த இரு வாரங்களுக்குள், அவரும் மறைந்தார். 1941-இல் பரேலில் திறக்கப்பட்ட டாடா நினைவு மருத்துவமனைக்கு வரும் வெளியூர் நோயாளிகள் பலருக்கு, தாதரில் அவர் பெயரால் நடக்கும் தர்மசாலை இன்றும் புகலிடம்.

அம்மருத்துவமனைக்கென்றே சில ஆண்டுகளுக்கு முன் நம் தாய்மாமனும் ஊரிலிருந்து வந்தார். செம்பூரில் நம் வீடு மூன்றாம் மாடி. அவரால் ஏற இயலாது. நகரின் ஒரு தர்மசாலையில் இடம் கிடைத்தது. பத்தொன்பது நாள் தங்கினார். புறப்பட்ட அன்று நாகர்கோவில் வண்டியைப் பிடிக்கும் அவசரம். கஞ்சி ஒட்டிய பாத்திரத்துத் தண்ணீரை மூலையில் கவிழ்த்தோம். சாத்துக்குடித் தோல், பஞ்சு, செய்தித்தாள் யாவும் கட்டிலடியிலேயே கிடந்தன. ‘யாராவது பெருக்குவார்கள் மாமா, வாருங்கள்’ என்று அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தவர்கள் நாமே. டாக்சியில் ஏறிய பின்னர்தான் சிகிச்சைக் கோப்பு அறையிலேயே தங்கிவிட்டது தெரிந்தது.

திரும்பி ஓடினோம். அடுத்த குடும்பம் அதற்குள் வந்துவிட்டிருந்தது. விதர்ப்பத்துக்காரர்கள். கழுத்தில் கட்டுடன் கணவர் தாழ்வாரத்தில் மூட்டைமேல் அமர்ந்திருக்க, மனைவி நம் மாமனின் பஞ்சையும் தோலையும் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார். துடைப்பத்தைத் தருமாறு கேட்டோம், தரவில்லை. கோப்பை முந்தானையால் துடைத்து நம் கையில் கொடுத்து, ‘காகாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது?’ என்று மராத்தியில் வினவினார். அக்கேள்விக்கு விடை சொல்ல நமக்கு நா எழவில்லை. ‘யாராவது’ என்று நாம் சொன்னது இவரைத்தானா?

இன்று காலம் மாறிவிட்டது. கண்டாலா, கோவா, உதகை எங்கும் தனியார் வீடுகள் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன, கைப்பேசியிலேயே பதிவு. 1956 முதல் நம் போன்றோர்க்குக் கிடைத்துவரும் விடுப்புப் பயணச் சலுகையில் முன்பு அரசு விடுமுறை இல்லங்களைத் தேடியவர்கள் இப்போது இவ்வீடுகளையும் நாடுகின்றனர். அங்கே துப்புரவுக் கட்டணம் என்று தனியே ஒரு தொகையும் வாங்குகின்றனர். அதனால் ஒரு வழக்கு எழுகிறது. ‘பணம் கொடுத்தோம்; பிறகு ஏன் பெருக்கவேண்டும்?’ என்பார் தங்கியவர். ‘பாத்திரம், படுக்கை, குப்பை யாவும் உங்கள் பொறுப்பு’ என்று பட்டியல் ஒட்டுவார் உரிமையாளர். இருவர் கூற்றிலும் பாதி நியாயமே உண்டு. தரை துடைப்பதும் கழிவறை தேய்ப்பதும் விரிப்புகளை வெளுப்பதும் கட்டணத்துக்கு உரிய வேலை. அதையும் விருந்தினன் தலையில் கட்டுவது முறையன்று. ஆனால் உண்ட பாத்திரத்தைக் கழுவுவதும், எஞ்சிய உணவை அகற்றுவதும், ஈரக் குப்பையையும் உலர் குப்பையையும் பிரித்துக் கட்டுவதும் எக்கட்டணத்திலும் அடங்கா. குப்பையைப் பிரிக்கவேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டின் விதிகளிலேயே கூறப்பட்டது. உடைத்ததை ஒளித்துவைப்பதோ ஒருவகைக் களவே.

அந்தத் தொகையில் எவ்வளவு துடைப்பம் பிடிப்பவர் கைக்குப் போகிறது என்று கேட்டறிவதும் நம் வழக்கமாகிவிட்டது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-இலும் 2013-இலும் சட்டங்கள் வந்தன. எனினும், ‘அது அவர்கள் வேலை’ என்னும் கல்கத்தாத் தொண்டர்களின் சொல் விடுமுறை வீடுகளில் இன்றும் காதில் விழுகிறது. சென்ற ஆண்டு உதகையில் நம் மகனே அதைச் சொன்னான். அவனுக்கு விடுதலைப் போராட்ட வரலாறு கூறத் தொடங்கினோம். நம் இல்லாளோ அதற்குள் குனிந்து, கட்டிலடியிலிருந்து இரண்டு சாக்லேட் தாள்களையும் அவனுடைய ஒற்றைக் காலுறையையும் எடுத்து அவன் கையில் வைத்துவிட்டார்.